வெள்ளிக்கிழமைத் தாள்

சீனர் மளிகைக் கடையில் கொடுக்கும் தினசரிக் காலண்டரின் தாள் வர வர மெலிந்துகொண்டே போகிறது. ஒன்றைக் கிழித்தால் அடுத்ததும் கூட வந்துவிடுகிறது. ஆனாலும் வருடா வருடம் கேட்டு வாங்கி வந்து மாட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமையின் எண் மட்டும் சிவப்பில் இருக்கும். தூரத்திலிருந்தே தெரியும்.

அப்பாவின் வீட்டிலும் இதே காலண்டர்தான் இருந்தது. காலை ஜெபம் முடிந்ததும் முந்தின நாளின் தாளைக் கிழித்து, பக்கத்தில் தொங்கிய கம்பியில் குத்தி வைப்பார். கடைச் சாமான் எழுத, பாட்டு எண் குறிக்க அந்தத் தாள்களின் பின்பக்கம் அவருக்கு உதவும்.

அவர் பெயர் கொர்னேலியஸ். சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். தோட்டத்துச் சிற்றாலயத்துக்கு உபதேசியாரும் அவர்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகளை இடித்தபோது, டவுன் பக்கம் ஒரு சின்ன வீடு வாங்கிக் குடியேறினார். அம்மா இறந்த பிறகும் தானே சமைத்தார், தானே துவைத்தார், மோட்டார் சைக்கிளில் பசாருக்குப் போய் வந்தார். எண்பது வயதிலும் ஞாயிறு பூசையில் முதல் வாசகம் அவருடையதுதான். கண்ணாடி இல்லாமலே வாசிப்பார்.

நான் ஜெயமேரி, மூத்தவள். ஆயர் குரோவில் இருக்கிறேன். ஓய்வு பெறும்வரை ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் கவுண்டரில் வேலை பார்த்தேன். என் கணவர் இறந்ததும் மகன் கிளைவ் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். பெரிய வீடு. மேலே இரண்டு அறைகளின் கதவைத் திறப்பதே இல்லை. அப்பாவை என்னோடு வந்து இருக்கச் சொன்னேன். எந்த மகளும் கேட்கக்கூடியதுதான்.

"எதுக்கும்மா? எனக்குக் கையும் காலும் நல்லாத்தானே இருக்கு" என்று சிரித்தார். பிறகு, "தனியா இருக்க பயமா இருந்தா நீ இங்க வந்துரு. உங்கம்மா ரூம் சும்மாதான் கிடக்கு" என்றார்.

எனக்குப் பயமில்லை. அந்த வயதில் தனியாக இருக்கும் ஒருவருக்குத்தான் பயம் இருக்க வேண்டும். அவருக்கு அது இல்லாததுதான் என்னை உறுத்தியது.

வெள்ளிக்கிழமைகளில் குழம்பு வைத்து எடுத்துப்போவேன். அப்படிப் போன ஒரு மாலை, அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, வெள்ளிக்கிழமைத் தாளைக் கிழித்தேன். தூக்கிப் போடவில்லை. அவர் குத்துகிற மாதிரியே கம்பியில் குத்தி வைத்தேன். மறுநாள் காலை வழக்கம்போல அவர் ஒரு தாளைக் கிழித்திருப்பார். அடியில் சிவப்பு எண் வந்திருக்கும்.

நடந்ததைப் பிறகு அவரே சொன்னார். வெள்ளைச் சட்டை போட்டு, வாசகத்தை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு மோட்டாரில் கோவிலுக்குப் போயிருக்கிறார். கேட் பூட்டியிருந்தது. எதிரே இளநீர் விற்கும் வடிவேலு, "என்னாண்ணே, சாமி உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா பூசை வைக்கிறாரா? இன்னிக்கு சனிக்கிழமைலா!" என்று கூவியிருக்கிறார். அங்கே நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கம்பியைப் பார்த்தாராம். வெள்ளி, சனி உட்பட எல்லாத் தாள்களும் வரிசையாக இருந்தனவாம்.

"நானேதான் ரெண்டு தாள் கிழிச்சிருக்கேன்மா" என்றார். "எப்பக் கிழிச்சேன்னுதான் தெரியல."

வயதானால் வருவதுதான் என்று ஆறுதல் சொன்னேன். அந்த ஞாயிறு அவர் வாசகம் வாசிக்கவில்லை. பங்குச் சாமியாரிடம் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

மோட்டார் சாவி எப்போதும் திரு இருதயப் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும். ஒரு வாரம் அது அரிசி டின்னுக்குள் கிடைத்தது. இன்னொரு வாரம் அடுப்பிலிருந்து கேஸ் வாடை அடித்தது. ஆபத்து எதுவும் வராதபடி ஜன்னலைத் திறந்து வைத்த பிறகுதான் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து, வெகுநேரம் தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த வாரம் பெட்டி கட்டினோம்.

என் வீட்டில் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. கீழ் அறையைக் கொடுத்தேன். வழி தவறிப் போய்விடக் கூடாது என்று வாசல் கிரில்லைப் பூட்டி வைத்தேன். மாலை ஜெபமாலையை அவர்தான் நடத்தினார். "அப்பா, நடுவுல ஒன்ன விட்டுட்டீங்க" என்று அவ்வப்போது சொல்வேன். மணியைத் தடவிப் பார்ப்பார். மறுபடி ஆரம்பிப்பார். ஒருநாள் ஜெபமாலையை என் கையில் கொடுத்து, "இனிமே நீயே சொல்லும்மா, நான் பதில் சொல்றேன்" என்றார். தோட்டத்தில் பாதிப் பேருக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தவர் அவர். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக இருந்தது. "நான் சாப்பிட்டாச்சா?", "குளிச்சாச்சா?", "இன்னிக்கு என்ன கிழமை?" எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்பார். நான் சொன்னால் நம்புவார். அந்த வீட்டில் அதுவரை என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை.

குறுக்கே வந்தவன் தம்பி ஜேம்ஸ்தான். பத்து பெரண்டாம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வெளியே காற்றாட என்று சொல்லி, என்னிடம் கேட்காமலே அப்பாவை ஞாபகசக்தி பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டு வந்து சிரித்தான்.

"அக்கா, அப்பா ஓகே லா. கடிகாரம் வரையச் சொன்னாங்க, அழகா வரைஞ்சிட்டாரு. டாக்டர் கணக்குக் கேட்டா, இவரு திருப்பி டாக்டரையே கணக்குக் கேக்குறாரு! ஒண்ணுமே இல்லையாம். ஞாயித்துக்கிழமை வந்து பூசைக்குக் கூட்டிப் போயிட்டு, அப்படியே அவர் வீட்டுலயே விட்டுர்றேன். அவரும் அதான் கேக்குறாரு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "உனக்குக் கஷ்டமா இருந்தா வேணாம்மா" என்றார். கஷ்டம் ஒன்றுமில்லை என்றேன்.

டாக்டர்கள் அரைமணி நேரம் பார்ப்பவர்கள். கூட இருப்பவளுக்குத்தானே தெரியும். ஜேம்ஸ் ஒருமுறை தன் கண்ணாலேயே பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலையில் அப்பா தானாகவே எழுந்து குளித்து, இனிப்புநீருக்கான, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சற்று நேரம் கழித்துத் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"போட்டுட்டேனேம்மா."

"இல்லப்பா. அது நேத்து."

என் முகத்தைப் பார்த்தார். "எனக்குப் போட்ட மாதிரி நல்லா ஞாபகம் இருக்கே" என்றார். பிறகு, "சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வாங்கிப் போட்டுக்கொண்டார். இன்னும் ஒருமுறையும் அப்படியே கொடுத்தேன். அப்போது அவரே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"பசிக்குதேம்மா" என்றார்.

"இப்பத்தானேப்பா தோசை சாப்பிட்டீங்க."

"அப்படியா" என்றார். நாக்கால் பல்லைத் துழாவிப் பார்த்தார். தோசை மாவு அப்போது ஃபிரிட்ஜில் இருந்தது.

கிரில்லைப் பூட்டிவிட்டுப் பசாருக்குப் போனேன். ஜேம்ஸுக்குத் தெங்கிரி மீன் குழம்பு பிடிக்கும். திரும்பி வந்தபோது அப்பா வாசலில் செருப்பு அடுக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டியிருந்தார். தலை கிரில்லில் சாய்ந்திருந்தது. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. மூச்சு இருந்தது. என்னைப் பார்த்து ஏதோ கேட்க வாய் எடுத்தார், சொல் வரவில்லை.

கவுண்டரில் இத்தனை வருடம் நின்றவளுக்கு அது என்னவென்று தெரியாதா. சர்க்கரை டின் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் தெளிந்துவிடுவார். ஜேம்ஸ் வந்து பார்க்கும்போது மறுபடியும் நன்றாக இருப்பார். அதனால் மீனைக் கழுவி, மஞ்சள் தடவி ஃபிரிட்ஜில் வைத்தேன். பிறகு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துவிட்டேன். ஆயர் குரோ டோல் பக்கம் கார்கள் நகரவில்லை என்று ஜேம்ஸ் போன் செய்தான். "அப்பா ரெடியா இருக்காரு, மெதுவா வா" என்றேன்.

அவன் வந்து சேர்ந்தபோது மூச்சு நின்றிருந்தது.

அப்பா மறந்துபோய்த் திரும்பத் திரும்ப மாத்திரை போட்டுவிட்டார் என்று எல்லோருக்கும் புரிந்தது. யாருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "டாக்டர் சொன்னத நம்பிட்டேனேக்கா, நீங்க எவ்வளவு சொன்னீங்க" என்று ஜேம்ஸ் என் தோளில் விழுந்து அழுதான். அவன் இன்னும் அதைச் சொல்லி அழுகிறான். உன் மேல் தப்பில்லை என்று நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கிளைவ் என்னைச் சிங்கப்பூருக்கு வந்துவிடச் சொல்கிறான். எனக்குக் கையும் காலும் நல்லாத்தானே இருக்கு என்று சொல்லிவிட்டேன். போன மாதம் அவன் வந்துபோன பிறகு என் மூக்குக்கண்ணாடி குளியலறையில் கிடைத்தது. அங்கே வைத்தது நான்தான். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக் கோமளா பார்க்கும்போதெல்லாம் சொல்கிறாள்: "அப்பாவத் தங்கமா வெச்சுப் பாத்துக்கிட்டீங்கக்கா." அது உண்மைதான். அப்பா இருந்தால் அவரும் அதையேதான் சொல்வார். நான் ஒருமுறை எடுத்துச் சொன்னால் போதும்.