அறுபத்தைந்துக்கு எடுத்த மண்டபம்

சுவிஸின் பேர்ண் நகர ட்ராமில் எனக்கு முன்னால், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை முடித்து வந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் ராணி, மற்றவர் சுதா.

"அமெரிக்காவில என்ர அக்கா ஒருவழியாக் கிழவி ஆகிட்டா, சுதா," என்றார் ராணி சந்தோசமாக.

"போன வருசம் இஞ்ச வந்தபோதும் அவ உண்மையான வயசு சொல்லேல்லையே, ராணி அக்கா."

"ஓம், எல்லாருக்கும் ஐம்பத்தெட்டு எண்டு சொல்லிவைச்சவ. ஆனா முழங்கால் ஒப்பரேசனுக்கு அவவின்ர காப்புறுதி காசு குடுக்கேல்லை. ரெண்டு வருசமா நொண்டி நொண்டித் திரிஞ்சவ. அங்கை அறுபத்தஞ்சு வந்தால்தான் அரசாங்கக் காப்புறுதி."

"பிறகு?"

"போன சனி மண்டபம் எடுத்து, கேக்கில பெரிசா அறுபத்தஞ்சு எண்டு எழுதி வெட்டினவ. காப்புறுதி அட்டையையும் எல்லாருக்கும் காட்டினவ. அடுத்த மாசம் ஒப்பரேசன்."

"சனம் சிரிக்கேல்லையோ?"

ராணிக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. "நல்லாச் சிரிச்சவை. பிறகு, ஐம்பத்தஞ்சு, ஐம்பத்தாறு எண்டு சொல்லித் திரியிற அவவின்ர சிநேகிதிகள் மூண்டு பேர் ஒவ்வொருத்தரா மண்டபத்துச் சமையல் குசினிக்குள்ள வந்து, அந்த அட்டைக்கு விண்ணப்பம் எங்கை எடுக்கிறது எண்டு அக்காவின்ர காதுக்குள்ள கேட்டவையாம்."