மூடி போட்ட ஜப்பான் கோழி

ஹலோ... சொல்லுங்க சகலை! ...ஆமா, ஆமா, வீட்லதான். ...எது, கராகேவா? அந்த ஜப்பான் பொரிச்ச கோழியா? நீங்களா? வெந்நீர் வைக்கவே அடுப்பை எந்தப் பக்கம் திருகணும்னு கேட்பீங்களே! ...சேச்சே, கிண்டல் இல்ல. ...யாரு வர்றாங்க சாப்பிட? ...நம்ம மாமியாரா! ...ஓஹோ.

ஒரு நிமிஷம் இருங்க... (போனைப் பொத்திக்கொண்டு) ஏம்மா, உங்க அக்கா புருஷன் உங்க அம்மாவுக்கு என் ஜப்பான் கோழியைப் பொரிச்சுப் போடப் போறாராம்! உங்க அம்மா வாயால 'நல்லாருக்கு'ன்னு பேர் வாங்கின ஒரே மாப்பிள்ளை நான்தான். அதுக்கும் வேட்டு வைக்கிறாரா? இப்ப எப்படிக் கவுக்கிறேன் பாரு. ...நீ ஏன் சிரிக்கிறே?

ஹலோ... ஆங், சொல்றேன். கோழித்தொடை வாங்கிட்டீங்களா? ...தோலோடயா? ஐயே, தோலை உரிச்சுக் கடாசுங்க. ...சோயா சாஸ், இஞ்சி, பூண்டு... சரி, சரி. அதுல உப்பு ஒரு கை அள்ளிப் போடுங்க. ...சாஸ்லயே உப்பு இருக்கா? அது வேற உப்பு சகலை! ...உலர்ந்த சோள மாவுல புரட்டணுமா? எவன் சொன்னான்? தண்ணியா கரைச்சு ஊத்துங்க. ...ரெண்டு தடவை பொரிக்கிறதா? எண்ணெய்க்குப் பிடிச்ச கேடு! ஒரே தடவை. எண்ணெய் காயுறதுக்குள்ள போட்டுடணும். முக்கியமா, எடுத்த உடனே ஒரு மூடியைப் போட்டு இறுக்கி மூடிடுங்க. ...அட, நான் உங்களுக்குக் கெடுதல் சொல்வேனா?

...அது என்ன சத்தம், மொறுமொறுன்னு? ...யாரு கடிக்கிறா? ...அத்தையா! ...நல்லாருக்கீங்களா அத்தை? ...ஸ்பீக்கர்லயா? ஆரம்பத்துல இருந்தேவா? ...பொத்திக்கிட்டுப் பேசினதுமா கேட்டுச்சு?

சகலை! எல்லாம் பொரிச்சு முடிச்சுட்டு எதுக்குய்யா எங்கிட்ட கேட்டீங்க? ...என் லட்சணத்தை அத்தைக்குக் காட்டவா! ...உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? ...எங்க வீட்லயேவா? ...ஏம்மா, நீதானா அது! ஏய், நில்லு! எங்க ஓடுறே? கதவைத் திற!

...இல்லத்தை, சும்மா விளையாட்டுக்கு... ஆமாத்தை... தப்புத்தான்... அவருது நல்லாருக்கா? என்னோடதை விடவா? ...சரித்தை. வயிறு எரியுது, ஆனா சரி.

...என்னது, என் பங்கை எடுத்து வெச்சிருக்கீங்களா! நீங்க மாமியாரே இல்ல அத்தை, தெய்வம்! இதோ, இப்பவே கிளம்பி வர்றேன். ...எப்படி வெச்சிருக்கீங்க? ...நான் சொன்ன மாதிரியேவா? மூடி போட்டு இறுக்கியா! ...ஐயய்யோ, திறங்கத்தை! நமத்துப் போயிடும்! ...இல்ல, இது நிஜம்! சத்தியமா நிஜம்! அத்தை... ஹலோ? ஹலோ?