அப்பா கையிலிருந்த வாட்ச்

ஏற்காட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். ஏழாவதில் எண்ணிக்கை தவறியது. முன்சீட்டில் இருந்த எஸ்டேட் வேலைக்காரப் பெண் பக்கத்து அம்மாளிடம் சொன்னாள்:

“எங்கப்பா விழுந்திருந்தா பொழச்சிருப்பாருங்கக்கா.”

“என்ன பேச்சு கண்ணு இது?”

“விழுந்தா எனக்குப் போன் பண்ற வாட்சுங்க. நாந்தான் வாங்கிக் கட்டிவுட்டேன். மொளகு பறிக்கிற ஏணியிலிருந்து தொப்புனு குதிச்சாலே போன் வந்துரும். ‘இன்னும் சாவல சாமி, வேலையப் பாரு’ன்னு சிரிப்பாரு.”

“அன்னிக்கு வரலியா?”

“நெஞ்சு வலிச்சதும் மரத்தைக் கட்டிப் புடிச்சு மெதுவா உக்காந்துட்டாருங்க. படக்குனு குலுங்குனாத்தான் விழுந்தாருன்னு அதுக்குத் தெரியுமாம். போன் வல்லியே, நல்லாத்தான் இருக்காருன்னு நானும் காப்பிப் பழம் பறிச்சிட்டிருந்தேன்.”

“கையிலயே கெடந்ததுக்கு ஒண்ணுமே தெரியலியா?”

“உக்காந்தது தெரிஞ்சிருக்குங்க. மூணு மணி நேரம் கழிச்சு நான் தேடிப் போனப்ப ஒடம்பு சில்லுனு இருந்துச்சு. வாட்ச் மட்டும் அதிர்ந்துச்சு. திருப்பிப் பாத்தா, ‘நொம்ப நேரமா உக்காந்திருக்கீங்க, எந்திரிச்சுக் கொஞ்சம் நடங்க’ன்னு எழுதியிருக்குதுங்க.”