குரல் மட்டும்

பறவை பார்க்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, வெள்ளைச் சட்டை வேண்டாம் என்பதுதான். இரண்டாவது, காட்டுக்குள் பேசக் கூடாது. பதினொரு வருடமாகக் கள்ளக்குறிச்சியில் இந்தக் குழுவை நடத்துகிறேன். தபால் ஆபீசில் வேலை பார்த்த காலத்திலேயே, உபகாரமேரி என்றால் "குருவி மேடமா?" என்றுதான் கேட்பார்கள். இன்ஸ்பெக்டர் ஐயா அதையும் எழுதிக்கொள்ளலாம்.

அறிவுச்செல்வன் சின்னசேலத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். எங்களோடு சேர்ந்து ஆறு மாதம்தான். புரட்டாசியில் வெள்ளிமலைப் பக்கம், சாமைக் கொல்லை ஓரத்து முள்மரத்தில் சில்லைக் குருவி கூடு கட்டியிருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று, கூட்டை மறைத்திருந்த கிளைகளை வெட்டிவிட்டுப் படம் எடுத்தார். மறுநாள் போய்ப் பார்த்தேன். கூட்டைக் காக்கை பிய்த்துப் போட்டிருந்தது. நான்கு குஞ்சுகளில் ஒன்றுகூட இல்லை.

கேட்டதற்குச் சிரித்தார். "இன்னா மேடம், குருவிக்குப் போயி இம்மாம் கோவமா? லைக் எவ்ளோ வந்துச்சு தெரியுங்களா?"

குழுவே அந்தப் படத்தைக் கொண்டாடியது. அடுத்த வருடம் அவரையே தலைவராக்கலாம் என்று, எங்கள் பறவைப் பட்டியலை எழுதும் தங்கதுரை சொன்னார். தலைமைக்கு நான் ஆசைப்பட்டவள் இல்லை. என் கோபம் அந்தக் குஞ்சுகளுக்காக மட்டுமே.  இப்போதும் ஆறவில்லை.

ஐப்பசி இரண்டாம் ஞாயிறு ஒன்பது பேர் மலைக்குப் போனோம். உச்சியில் மேகம் கறுத்திருந்தது. அறிவுச்செல்வன் மட்டும் படம் எடுக்கத் தனியாக ஓடைக்குள் இறங்கினார். வெகுநேரம் காணோமே என்று தேடிப் போனேன். வழுக்கி விழுந்து, இரண்டு பாறைகளுக்கு நடுவே கால் மாட்டிக்கொண்டு கிடந்தார். தண்ணீர் அப்போது முழங்கால் அளவுதான்.

"மேரிம்மா, காலு மாட்டிக்கினு வர மாட்டேங்குது. ஆளுங்கள கூப்புடுங்க."

மேலே மழை பெய்தால் அரை மணியில் அந்த ஓடையில் வெள்ளம் வரும். அது எனக்குத் தெரியும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று புத்தி நன்றாகவே வேலை செய்தது.

"இருங்க, இட்டுக்கினு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குழுவை எதிர்த்திசையில் மேடு ஏற்றினேன். அவர் கத்துவது அங்கேயும் கேட்டது.

"யாரோ கூப்புடற மாரி இருக்குதுங்களே மேடம்?" என்றார் தங்கதுரை.

"மயிலுங்க. பேசாதீங்க, பறந்துடும்."

எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு என் பேச்சைக் கேட்டார்கள், மனசுக்கு ஆறுதலாக இருந்தது. தங்கதுரை பட்டியலில் எழுதினார்: மயில், ஒன்று, குரல் மட்டும். கால் மணி நேரத்தில் அந்தக் குரலும் நின்றது. அறிவுச்செல்வன் முன்னாலேயே பஸ் பிடித்து இறங்கிவிட்டார் என்று சொல்லி எல்லோரையும் ஜீப்பில் ஏற்றினேன்.

மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. தவறி விழுந்தார் என்று நீங்களே எழுதி முடித்தீர்கள். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் இந்தப் பதினொரு வருடத்தில் பொய்யாக ஒரு பறவையைக்கூட நான் எழுதவிட்டதில்லை. அதற்காகத்தான் வந்தேன். அந்த மயிலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். அன்று கத்தியது அறிவுச்செல்வன்.