பிடுங்கிய கோல் போஸ்ட்

வேங்கிக்காலில் பஸ் ஏறிய இரு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் மடியில் கோல்கீப்பர் கையுறைகள்.

“என்னைப் பாராட்டறதுக்கு என் கோல் போஸ்ட்டையே பிடுங்கிப் போட்டுட்டாங்கக்கா.”

“யாருடீ?”

“விழாக் கமிட்டிதான். நேஷனல் லீக்ல சீசன் பூரா ஆடிட்டு வர்றேன். ஒரு மேட்ச்கூட அவங்க பாக்கல. இப்ப நம்மூர் கிரவுண்ட்ல மேடை போட போஸ்ட் இடிக்குதாம். இங்க பழகற பொண்ணுங்க எங்க ஆடும்?”

“விழா முடிஞ்சதும் திரும்ப நட்டுடுவாங்க, விடு.”

“போன வருசம் பிடுங்கின வாலிபால் கம்பம் இன்னும் கமிட்டித் தலைவர் வீட்டு மாட்டுக் கொட்டாயிலதான் நிக்குது.”

“மேடையில என்ன பண்ணப் போற?”

“சால்வைய வாங்கிக்கினு தலைவர் கையில கடப்பாரையக் கொடுப்பேன். போஸ்ட்டை நட்டுட்டு சாப்பிடப் போங்கன்னு மைக்லயே சொல்லுவேன்.”