செங்கல்பட்டு தாண்டிட்டோம்

"செங்கல்பட்டு தாண்டிட்டோம்டா தம்பி, வந்துட்டே இருக்கோம்" என்று முன்சீட்டுப் பெண் போனில் சொன்னபோது, அவர்களுடைய கார் தாம்பரத்தில் பெட்ரோல் பங்க் வரிசையில் நின்றிருந்தது. பக்கத்தில் ஸ்கூட்டரில் நான்.

பின்சீட்டில் பட்டுப்பாவாடை கட்டிய மகள். "ஏம்மா மாமாகிட்ட பொய் சொன்ன?"

"பொய் இல்லடி. மாப்பிள்ளையோட அக்கா இன்னும் தாம்பரத்துலன்னா திண்டிவனத்துல மண்டபமே பதறிடும். அவன் டென்ஷன் ஆகக்கூடாதுன்னுதான். பொண்ணு கட்டவேண்டிய கூறைப்புடவை வேற நம்மகிட்ட இருக்கு."

கணவர் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு ஜன்னலோரம் வந்தார். "கூறைப்புடவைப் பை முன்னாடியா இருக்கு? டிக்கியில காணோம்."

"நல்லா பாருங்க. பாப்பாதான் எடுத்து வச்சா." அவள் திரும்பினாள். "வச்சுட்டேன்னு சொன்னியேடி?"

சிறுமி வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"தேடினேன்மா, கிடைக்கல. நீ கத்திட்டே இருந்த. டென்ஷன் ஆகக்கூடாதுன்னுதான் வச்சுட்டேன்னு சொன்னேன்."

யாரும் அவளைத் திட்டவில்லை. எங்களுக்குப் பின்னால் ஒருவர் ஹார்ன் அடித்தார். அந்தப் பெண்ணின் மடியில் போனும் மறுபடி அடித்தது.

"எடு" என்றார் கணவர். "சேலையூர் வீட்டுக்குத் திரும்பிப் போகணும். இப்ப எங்க இருக்கோம்னு சொல்லப்போற?"