விளைவு: நிரூபிக்கப்படவில்லை

நூலக மாடி அறையில் தேநீர் போடுவது என் பொறுப்பு. சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம் என்றால் நான் இரண்டரைக்கே போய்த் தண்ணீர் சுட வைத்துவிடுவேன். மற்றவர்கள் போட்டால் தேயிலைப் பையைக் கோப்பையிலேயே விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், கசந்துபோகும். எதையும் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைப் புரிந்துகொள்வது உங்களுக்குச் சுலபமாக இருக்கும், இன்ஸ்பெக்டர் மேடம்.

என் அக்கா எப்படி இறந்தாள் என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்குத்தான் வருகிறேன். ஆனால் குழுவைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றி மட்டும் சொன்னால் நீங்கள் என்னை ஏதோ கிறுக்கன் என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். நான் கிறுக்கன் இல்லை. பகலில் ஒரு மரச்சாமான் கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நாற்காலிக்கு விலை மாறினால் மாற்றுவேன். அவ்வளவுதான் வேலை.

குழுவில் நாங்கள் பதினோரு பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. இணையதளங்களிலும் ஆப்களிலும் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப் பார்த்து, அவற்றை நடத்துகிறவர்களுக்கு எழுதித் தெரிவிப்போம். பள்ளிக்கூடம், சிறிய மருத்துவமனை, முதியோர் இல்லம் என்று, பாதுகாப்புக்குத் தனியாக ஆள் வைத்துக்கொள்ள முடியாத இடங்களாகத்தான் எடுப்போம். இப்படிப் பல ஊர்களில் குழுக்கள் இருக்கின்றன. எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறோம். முகவரியில் உள்ள எண்ணை மாற்றினால் அடுத்தவர் பக்கம் திறக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் நாற்பத்திரண்டாவது வரி நான் எழுதியது. கூட்டத்தை நடத்துவது ஓய்வு பெற்ற கணினி ஆசிரியை ஒருவர். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். இன்னொருவருக்குப் பூட்டு என்று பெயர் வைத்திருக்கிறோம். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து இலைக்காரரிடம் உங்கள் கடவுச்சொல்லில் எத்தனை எழுத்து என்று விசாரிக்கிற ஆசாமி.

உங்கள் தட்டச்சர் 'திருட்டுத்தனமாக நுழைந்து' என்று அடித்திருக்கிறார். அதை மாற்றச் சொல்லுங்கள். எங்களுக்கு விதிகள் உண்டு. சொந்தக் கணக்கில்தான் சோதனை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கணக்கின் சொந்தக்காரர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். கண்டுபிடித்ததை நடத்துகிறவர்களுக்குச் சொல்லித் தொண்ணூறு நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை வெளியே மூச்சு விடக்கூடாது. இந்த விதிகளை நான் ஒருநாளும் மீறியதில்லை, இதில்கூட மீறவில்லை.

அக்காவுக்கு மூன்று வருடத்துக்கு முன்பு இதயத்தில் வால்வு மாற்றினார்கள். அதற்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை போட வேண்டும். குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும், கூடினால் உள்ளே ரத்தம் கசியும். அதனால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்து, அந்த வாரம் எவ்வளவு போட வேண்டும் என்பதை மருத்துவமனையின் ஆப்பில் செவிலியர் போட்டுவிடுவார். அக்கா அதைப் பார்த்து மாத்திரை டப்பாவில் ஏழு நாளுக்கும் பிரித்து வைத்துக்கொள்வாள். அவளுடைய போனில் ஆப்பை ஏற்றிக் கொடுத்தது நான்தான். ஏற்றும்போதே எனக்கு ஏதோ இடித்தது.

வீட்டுக்கு வந்து கணினியில் என் பெயரிலேயே இரண்டு கணக்கு திறந்து பார்த்தேன். பக்கத்தின் இணைய முகவரியின் கடைசியில் நோயாளி எண் இருந்தது. ஒரு கணக்கிலிருந்தபடி அந்த எண்ணை மாற்றினால் மற்றக் கணக்கின் பக்கம் திறந்துகொண்டது. திறந்தது மட்டுமில்லை, செவிலியர் மட்டுமே தொட வேண்டிய மாத்திரை அளவை யார் மாற்றினாலும் அது கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து யார் உயிரோடும் விளையாடலாம். அன்றைக்கே ஆறு பக்கத்துக்கு அறிக்கை எழுதி அனுப்பினேன்.

இருபது நாள் கழித்து மருத்துவமனை நிர்வாக அலுவலர் நான்கு வரியில் பதில் போட்டார். அக்கறைக்கு நன்றி, அடுத்த வருடப் புதுப்பிப்பில் கவனிக்கிறோம் என்று இரண்டு வரி. மீதி இரண்டு வரி எனக்கு மனப்பாடம். 'எங்கள் நோயாளிகள் கண்ணை மூடிக்கொண்டு மாத்திரை போடுகிறவர்கள் அல்ல. அளவு திடீரென்று மாறியிருந்தால் யாரையாவது கேட்டுவிட்டுத்தான் போடுவார்கள்.'

குழுவாவது என் பக்கம் நிற்கும் என்று நினைத்தேன். எங்களிடம் ஒவ்வொரு ஓட்டைக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடும் வழக்கம் உண்டு. படிவத்தில் 'விளைவு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்றால் 'நிரூபிக்கப்படவில்லை' என்று எழுதுவோம். மதிப்பெண் மளமளவென்று இறங்கிவிடும். ஐந்துக்குக் கீழே போனால் அந்த அறிக்கையைப் பிறகு யாரும் சீண்ட மாட்டார்கள். எனக்கு மூன்றரை போட்டார்கள்.

"மருத்துவமனைக்காரங்க சொல்றதுலயும் நியாயம் இருக்குப்பா. ஆள் கேட்டுட்டுத்தானே போடுவாங்க" என்றார் டீச்சர்.

"கேட்க மாட்டாங்க டீச்சர். ஆப் சொன்னா வேதவாக்கு."

"அது உன் அபிப்பிராயம். விளைவைக் காட்டு, மார்க் தானா ஏறும்" என்றார் பூட்டு, பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே.

டீச்சர் ஒரு யோசனை சொன்னார். என் சொந்தக் கணக்கிலேயே அளவைத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று மாற்றிப் படம் எடுத்து இணைத்துவிடு, போதும் என்றார். வாத்தியார் யோசனை. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைப் பார்த்தால் சின்னக் குழந்தைகூடச் சிரிக்கும். அது என்ன நிரூபிக்கும்? நம்பக்கூடிய ஓர் எண்ணாக இருக்க வேண்டும். அதை நிஜமாகவே மாத்திரை போடுகிற ஓர் ஆள் பார்க்க வேண்டும். அந்த ஆளுக்கு விஷயம் தெரியக்கூடாது. இதை நான் அவசரப்பட்டு முடிவு செய்யவில்லை. இரண்டு வாரம் யோசித்தேன். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கணக்கு அங்கேதான் வந்து நின்றது.

அக்கா மேல் எனக்குப் பாசம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினேழு. அவள் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்துதான் என்னைப் படிக்கவைத்தாள். அக்காவின் கணவர் தவறிய பிறகு அவளுக்கும் அவள் மகளுக்கும் என்னை விட்டால் ஆள் கிடையாது. அப்படி இருக்கும்போது வேறு யாரிடம் போய்ச் சம்மதம் கேட்பேன்? தெரியாத ஒருவரை இதில் இழுத்துவிடுவது தப்பில்லையா.

படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவள் பள்ளிச் சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உன் ஆஸ்பத்திரி ஆப்ல ஒரு சோதனை பண்ணணும்க்கா. நீ சம்மதம்னு கையெழுத்துப் போடணும்."

"பண்ணிக்கோயேன். அதுக்கு எதுக்குடா பத்திரம் எல்லாம்?"

"விதிக்கா. படிச்சுட்டுப் போடு."

"கண்ணாடியை எங்கயோ வச்சுட்டேன். நீ எழுதினதைத்தானே நான் படிக்கணும்? எங்க போடணும்னு காட்டு, கைல வேலை கிடக்கு."

படிக்கச் சொன்னேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பக்கத்தில் 'கணக்கில் உள்ள தகவல்கள் மாற்றப்படலாம்' என்று தெளிவாக இருக்கிறது. சாக்குக்கட்டியின் தூள் பட்டுக் கையெழுத்து கொஞ்சம் மங்கியிருக்கும், ஆனால் அவளுடையதுதான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் கணக்கில் நுழைந்து, அக்காவின் எண்ணைப் போட்டு, அளவைக் கூட்டினேன். எவ்வளவு என்பது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. ஏழு நாள் என்று திட்டம். அடுத்த திங்கட்கிழமை பழையபடி மாற்றிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டுபோய் ரத்தம் சோதித்து, அந்த முடிவை அறிக்கையோடு இணைப்பதாக எழுதி வைத்திருந்தேன். என் நோட்டில் தேதி போட்டே இருக்கிறது. கொலை செய்கிறவன் ரத்தப் பரிசோதனைக்கு முன்பதிவு செய்வானா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை பார்க்கப் போனேன். அவள் முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது. "மெஷின்ல இடிச்சுக்கிட்டேன் போல" என்றாள். பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது, பிரஷை மாற்ற வேண்டும் என்றும் சொன்னாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் நாலு நாள் முடிந்திருந்தது, இன்னும் மூன்று நாள்தான். பாதியில் நிறுத்தினால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு படம் எடுத்துக்கொண்டேன். வெளிச்சம் போதவில்லை, அதனால் ஜன்னல் பக்கம் திரும்பச் சொன்னேன்.

"எதுக்குடா இதையெல்லாம் போட்டோ எடுக்கறே?"

"சும்மாதான்க்கா."

"உனக்கு வேற வேலையே கிடையாது" என்று சிரித்தாள். கையை அசைக்காமல் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறையில் வழுக்கிவிட்டாள். பெரிய அடி ஒன்றுமில்லை. சாதாரண ஆளாக இருந்தால் நெற்றியில் ஒரு புடைப்போடு போயிருக்கும். மதியத்துக்குள் பேச்சு குழறிவிட்டது. அவசரப் பிரிவில் டாக்டர் என்ன மாத்திரை, எவ்வளவு என்று கேட்டார். அவள் மகள் போனைத் திறந்து ஆப்பைக் காட்டினாள். டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது? செவ்வாய்க்கிழமை விடியும்போது அக்கா போய்விட்டாள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் அறிக்கையைத் திருத்தி வைத்தேன். விளைவு என்ற கட்டத்தில் நாலு வரி எழுதினேன். அக்காவின் பெயரைப் போடவில்லை. யாரோ புகுந்து மாற்றியதில் ஒரு நோயாளி இறந்துவிட்டார் என்று மட்டும் எழுதினேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். பூட்டு பிஸ்கட்டைத் தொடவில்லை. பத்துக்கு ஒன்பது புள்ளி எட்டு போட்டார்கள். மருத்துவமனை அன்று மாலையே அந்தப் பக்கத்தை மூடிவிட்டது. மாதம் முடிவதற்குள் இன்னும் ஏழு மருத்துவமனைகள் எங்கள் பட்டியலை எடுத்துக்கொண்டன. நாற்பத்திரண்டாவது வரியை இப்போது முதல் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது.

இதுவரை சொன்னதை உங்கள் ஆட்கள் ஏற்கெனவே கணினியிலிருந்து எடுத்துவிட்டார்கள். நீங்கள் கேட்க நினைப்பது வேறு. அக்கா மகள் உங்களிடம் கொடுத்த அக்காவின் போன் மேசைமேல் இருக்கிறது. காரியம் முடிந்த அன்று அவள் என்னிடமும் கேட்டாள்.

"மாமா, அந்தத் திங்கட்கிழமை அம்மா உங்களுக்கு போன் பண்ணினாங்களா?"

"இல்லையேம்மா" என்றேன்.

அவள் அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பண்ணினாள், மேடம். மாலை ஆறு இருபதுக்கு. ஒரு நிமிடம் நாற்பது விநாடி பேசினோம்.

"டேய், இந்த வாரம் மாத்திரை கூட்டிப் போட்டிருக்காங்கடா. போன வாரம் ரத்தம் பார்த்தப்போ எல்லாம் சரியா இருக்குன்னுதானே சொன்னாங்க. போட்டுக்கட்டுமா?"

"ஆப்ல என்ன இருக்குக்கா?"

"கூடத்தான் இருக்கு. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"அப்ப அதையே போட்டுக்கோ."

"எதுக்கும் நர்ஸுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கவா?"

"வேண்டாம்க்கா. அவங்கதானே மாத்தியிருக்காங்க."

"அதுவும் சரிதான். நீ சொன்னா சரி. சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இந்த அழைப்பை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் நிர்வாக அலுவலர் அந்த நாலு வரிப் பதிலை எடுத்துக் கூட்டத்தில் வாசித்துக் காட்டியிருப்பார். கேட்டுவிட்டுத்தானே போட்டாள் என்று டீச்சர் தலையாட்டியிருப்பார். விளைவுக் கட்டத்தில் பழையபடி அதே வார்த்தையை எழுதியிருப்பார்கள், ஏழு மருத்துவமனைகளும் பட்டியலைத் திருப்பிக் கொடுத்திருக்கும். அக்கா போனது வீணாகியிருக்கும். அதனால் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நான் சொன்ன எல்லாவற்றையும் அடித்துக்கொள்ளுங்கள், எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். குழுவுக்கு அனுப்புகிற நகலில் மட்டும் அந்த ஒரு நிமிடம் நாற்பது விநாடியை விட்டுவிடுங்கள். ஓட்டை அந்த ஆப்பில்தான் இருந்தது, மேடம்.